ஜோன் லாங்டன் டவுன்

அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த மக்களை மனிதர் வரிசையில் வைத்தெண்ணாத காலம் ஒன்றிருந்தது. மூடர் என்ற சொல்லையே வைத்திய நூலோரும் அவர்க்குப் பெயராக வழங்கினர். அக்காலத்தில் அம்மக்களுக்கென வாழ்ந்தவர் ஆங்கில வைத்தியராகிய ஜோன் லாங்டன் டவுன்.

அவர் 1828 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கே கோர்ண்வாலிலுள்ள டோர்பொயின்ற் என்னும் ஊரிற் பிறந்தார். 14 வயதிற் பள்ளியை விட்டுத் தந்தையாரின் கடையில் வேலைக்கமர்ந்தார். எனினும் கல்வி வேட்கை தணியவில்லை. தந்தையார் 1853 இற் காலமானபின் இலண்டன் வைத்தியசாலைக் கல்லூரியிற் சேர்ந்து, பரிசும் பதக்கமும் பெற்றுத் தேறினார். பொருளீட்டும் வழிகள் பல இருந்தும், பிறர் விரும்பாத பணியொன்றை 1858 இல் ஏற்றார். சரேயிலிருந்த ஏள்ஸ்வுட் காப்பகத்தின் வைத்திய மேற்பார்வையாளரானார்.

அங்கே அவர் அடித்தலை விலக்கினார். தூய்மையையும் நல்லுணவையும் பேணினார். கைத்தொழில் பயிற்றுவித்தார். 1860 இல் அவரை மணந்த மேரி அம்மையாரும் அத்தொண்டிற் பங்குகொண்டார்.

1866 இல் அவர் வெளியிட்ட கட்டுரையே அவர் பெயரை நிலைநாட்டியது. முகத்தோற்றத்தில் உடன்பிறந்தார் போல ஒத்த ஒரு சாரார் அங்கிருப்பதை அவர் கண்டு விவரித்தார். அவர்கள் நகைச்சுவை உடையவர், பிறரைப் போல நடித்துக்காட்ட வல்லவர், நாவுக்குத் தகுந்த பயிற்சியளித்தாற் பேச்சுத் திருந்துவர் என்றும் எழுதினார். இவை நுண்ணிய உண்மைகள். ஆனால் அக்கட்டுரையிலே அவர் பெரும்பிழையும் செய்தார். கண்ணின் அமைப்பை நோக்கி அவர்களை மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டு, அவ்வினப் பெயரையே சூட்டினார். மனித குலம் ஒன்றே என்பதற்கு அதனைச் சான்றாகவும் காட்டினார். நோக்கம் நன்றாயினும், அப்பெயர் ஒரு நாட்டாரையும் அக்குழந்தைகளையும் ஒருங்கே இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக நூறாண்டளவும் நின்றது.

1868 இல் ஏள்ஸ்வுட்டை நீங்கிய தம்பதியர், இலண்டனுக்கு அண்மையில் நோர்மன்ஸ்பீல்ட் என்னும் இல்லத்தை நிறுவினர். சிலரோடு தொடங்கிய அவ்வில்லம் நூற்றுக்கு மேற்பட்டோர் வாழும் இடமாயிற்று. 1879 இல் அங்கே ஒரு நாடக அரங்கும் திறக்கப்பட்டது. ஆடலும் பாடலும் அம்மக்களுக்கும் உரியன என்பதற்கு அவ்வரங்கு சான்றாயிற்று.

1896 ஒக்டோபர் 7 ஆம் நாள் டவுன் மறைந்தார். 1905 இல் அவருடைய மகன் றெஜினால்டுக்குப் பிறந்த ஆண்மகவு, பாட்டனார் விவரித்த அதே இயல்போடு பிறந்தது. குலப்பெருமையும் கல்வியும் செல்வமும் இதனைத் தடுப்பனவல்ல என்பதை அக்குடும்பமே உலகுக்கு உணர்த்திற்று.

பெற்றோரின் காசநோயே காரணமாகலாம் என்று டவுன் கருதியிருந்தார். அது தவறு என்பதை 1959 இல் பிரெஞ்சு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். உடற்கலத்தில் 21 ஆம் நிறமூர்த்தம் இரண்டாக இருத்தற்குப் பதிலாக மூன்றாக இருப்பதே காரணம். இது தொற்றுநோயுமன்று, தாய் செய்த குற்றமுமன்று. 1961 இல் அறிஞர் பலர் பழம்பெயரை மாற்றுமாறு வேண்டினர். மங்கோலிய நாட்டினரின் வேண்டுகோளுக்கிணங்கி உலக சுகாதார நிறுவனமும் 1965 இல் அதனைக் கைவிட்டது. டவுன் சிண்ட்ரோம் என்னும் பெயர் நிலைத்தது.

அவர் இட்ட பெயர் வழக்கொழிந்தது. அவர் காட்டிய வழியோ ஒழியவில்லை. மெல்லக் கற்பவரும் கற்பவரே. அவரை வகுப்பின் மூலையில் இருத்துவதும், வீட்டின் உள்ளறையில் மறைப்பதும், அறியாமையால் நாம் செய்வன. அவ்வறியாமையைக் களைவது ஆசிரியர் கடன்.