குழந்தைத் தோட்டம் கண்ட புரோபெல்

மழலையர் பள்ளிக்கு வித்திட்ட பெருமகனார், இளமையில் படிப்பு வாராத பிள்ளை என எண்ணப்பட்டவர் என்பதைப் பலர் அறியார்.

பிரெடரிக் புரோபெல் 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஜெர்மனியின் துரிங்கியக் காட்டுப் பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த ஒன்பது மாதங்களில் தாயை இழந்தார். கிறித்தவப் போதகரான தந்தையார்க்குப் பணிச்சுமை மிகுதி. மகனை மந்தமானவன் என்றே கருதினார். வீட்டுத் தோட்டமே அச்சிறுவனுக்குத் துணையாயிற்று. 15ஆம் வயதில் வனக் காவலர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். அங்கே செடிகொடிகளும் நில அளவையும் அவருக்கு ஆசான்களாயின.

பின்னர் ஆசிரியரான அவர், 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசியிடம் தங்கிக் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்தார். 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறார்க்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயர் சூட்டினார்.

அங்கே பாட்டும் ஆட்டமும் தோட்ட வேலையுமே பாடங்கள். வண்ண நூற்பந்துகளும் மரக்கட்டைகளும் விளையாட்டுப் பொருள்கள். அவற்றைக் கொடைகள் என்றழைத்தார். எட்டுச் சிறு கட்டைகள் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டையாகும். அவற்றைப் பிரித்து வீடு கட்டி மகிழும் குழந்தை, முழுமையையும் பகுதியையும் தன் கைகளாலேயே உணர்ந்துகொள்ளும்.

இத்தோட்டத்திற்கும் இடி விழுந்தது. உறவினர் ஒருவரின் எழுத்துகளை இவருடையவையாக மயங்கிய பிரஷ்ய அரசு, சமயத்திற்கும் நாட்டிற்கும் கேடு எனக் கூறி 1851இல் குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. மனம் நொந்த புரோபெல் 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மறைந்தார். 1860இல் தடை நீங்கியதைக் காண அவர் இல்லை. ஆயினும் அவர் வழி பயின்ற பெண்மணிகள் அம்முறையைப் பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றனர்.

அன்று அரசாணை பூட்டிய தோட்டத்தை இன்று நம் ஆர்வமே பூட்டிவிடலாகாது. அவர் வைத்த பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தருவது முறையாகுமா? பெற்றோரே, முற்றத்து மண்ணில் வீடு கட்டும் பிள்ளையைப் படிக்க வா என்று அதட்டுமுன், சற்று நின்று பாருங்கள். அப்பிள்ளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது.