பாட் ரேட்டுக்குப் பெயர் தந்தவர்

கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் செட்டிங் போனால் 'பாட் ரேட்' என்று இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர். அவர் கதையை எழுதுகிறேன், படிங்க.

எமில் பாடோ 1845 செப்டம்பர் 11-ல் பிரான்ஸில் ஒரு விவசாயி மகனாகப் பிறந்தார். படிச்சது ஆரம்பப் பள்ளி மட்டும்தான். அப்பாவோடு வயலில் வேலை பார்த்தவர், 1869-ல் தந்தித் துறையில் சேர்ந்தார்.

மோர்ஸ் தந்தியில் ஒரு எழுத்துக்கு ஒரு குறி, இன்னொரு எழுத்துக்கு நாலு குறி. பாடோ எல்லா எழுத்துக்கும் சமமாக 5 குறி வைத்தார். அதில் 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். எழுத்து, எண் எல்லாத்துக்கும் அது பத்தாது. அதனால் ஒரே சேர்க்கைக்கு இரண்டு பொருள் கொடுத்தார். இப்போ வருவது எழுத்தா, எண்ணா என்று சொல்ல தனிக் குறி உண்டு. அது வழியில் தவறினால் செய்தி முழுக்கக் குளறுபடிதான்!

1874-ல் காப்புரிமை பெற்றார். ஒரே கம்பியில் பல பேர் முறை வைத்து அனுப்பலாம். ஆனால் கருவியின் தாளத்துக்குச் சரியாக 5 கட்டைகளை அமுக்கணும். 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1903 மார்ச் 28-ல், 57 வயதில் காலமானார்.

நாங்கள் அறிவியல் கண்காட்சிக்காக குறுக்குத்துறை ஆற்றுத் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் கருவி செய்தோம். 'தாமிரபரணி 28' என்று வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. பாடோவின் இரண்டு விஷயங்களைத்தான் சரிபார்த்தோம்: தாளம், பட்டியல்.

எண்ணும் ஆங்கில எழுத்தும்கூடக் குளறினால் தாளத்தைப் பாருங்க. கருவி 9600-ல் அனுப்பி, கம்ப்யூட்டர் 4800-ல் படித்தால் ஒண்ணும் புரியாது. 28 மட்டும் சரியாக வந்து தமிழ் உடைந்தால் கோளாறு பட்டியலில். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 இருக்கணும். அதில் 'தாமிரபரணி' என்ற சொல்லுக்கு 27 பைட். பத்துப் பத்தாகப் படித்தால் 'மி' நடுவில் வெட்டுப்படும். வரி முடியும்வரை சேர்த்து வைத்து, பிறகு எழுத்தாக மாத்துங்க.

நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆரம்பப் பள்ளியோடு நின்ற அந்த விவசாயி மகனின் பெயர் மட்டும் நம்ம லேப் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கு. போய்ப் பாருங்க!