தோல் பட்டறைச் சிறுவன் டீசல்

ஆம்பூரில் இருந்து ஒரு லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 11 மணி. லாரி நிறையப் பதனிட்ட தோல் கட்டுகள். விடிவதற்குள் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். கப்பல் காத்திருக்காது.

மாதனூரைத் தாண்டியதும், டிரைவருக்கு முன்னால் உள்ள மீட்டர் பலகையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிகிறது. கெண்டி போன்ற படம். கெண்டியின் மூக்கில் ஒரு சொட்டு.

லாரி நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தம் இல்லை. புகை இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே என்கிறான் கிளீனர் பையன். டிரைவர் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டுகிறார். என்ஜினை நிறுத்துகிறார்.

அவர் செய்தது சரியா?

நூற்றுக்கு நூறு சரி! ஏன் சரி என்று தெரிய வேண்டுமானால், ஒரு மனிதரின் கதை தெரிய வேண்டும். அவர் பெயர் எல்லாப் பெட்ரோல் பங்கிலும் எழுதி இருக்கிறது. நாமும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லுகிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அவர்தான் ரூடால்ப் டீசல்!

கைவண்டி தள்ளினான்

டீசல், 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனிக்காரர்கள். தந்தை பெயர் தியோடர். புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர். பிழைப்புத் தேடி பாரீசுக்கு வந்தவர், அங்கே தோல் சாமான்கள் செய்து விற்றார்.

ஆம், தோல் பட்டறைதான்! வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. வேலை முடிந்து வரும் அப்பாவின் சட்டையோடு வீட்டுக்குள் வரும் தோல் வாடை அவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் போன நேரம் போக, சிறுவன் ரூடால்ப் தந்தையின் பட்டறையில் வேலை செய்தான். செய்து முடித்த சாமான்களைக் கைவண்டியில் ஏற்றுவான். தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போய், வாங்குகிறவர்களிடம் கொடுத்து வருவான். பிற்காலத்தில் உலகத்துச் சரக்கை எல்லாம் இழுக்கும் என்ஜினைக் கண்டுபிடித்தவர், முதன் முதலில் தள்ளியது தோல் வண்டி!

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மனிக்காரர்கள் பாரீசில் இருக்க முடியவில்லை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. அங்கே வறுமை. 12 வயது ரூடால்பை மட்டும், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார்.

தாய் தந்தையைப் பிரிந்த சிறுவன், படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான் என்ஜினீயர் ஆகப் போகிறேன் என்று 14-வது வயதிலேயே பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். பெற்றோர் வேறு மாதிரி நினைத்தார்கள். பையன் சீக்கிரம் வேலைக்குப் போனால் நாலு காசு வரும் அல்லவா? ஆனால் 1875-ல் மூனிச் நகரக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. ரூடால்ப் அங்கே சேர்ந்துவிட்டான்.

பத்து விறகில் ஒன்பது வீண்

கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்னவர் கார்ல் லிண்டே. ஐஸ் செய்யும் இயந்திரத்தில் பெரிய நிபுணர். ஒரு நாள் பாடத்தில் கேட்ட விஷயம் டீசலின் மனதில் முள்ளாகத் தைத்தது. அந்தக் காலத்து நீராவி என்ஜின், எரிக்கும் நிலக்கரியில் பெரும் பகுதியை வீணாக்கியது. அடுப்பில் 10 விறகு வைத்தால், 9 விறகின் சூடு சும்மா போய்விடும். ஒரு விறகின் சூடுதான் வேலை செய்யும். இந்த வீணை நிறுத்த முடியாதா?

நடுவில் டைபாயிடு காய்ச்சல் வந்து படுத்தார். எழுந்து பரீட்சை எழுதி, 1880-ல் மிக உயர்ந்த மார்க் வாங்கித் தேறினார். லிண்டேயின் ஐஸ் தொழிலில் வேலை கிடைத்தது. 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

பகலில் ஐஸ் வேலை. மற்ற நேரத்தில் என்ஜின் ஆராய்ச்சி. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் ஓடும் என்ஜின் ஒன்றைச் செய்து பார்த்தார். அது வெடித்தது! டீசல் மயிரிழையில் உயிர் பிழைத்தார். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பிறகுதான் அந்த எளிய யோசனை வந்தது. சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? நாலு தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். இன்னும் இன்னும் நெருக்கினால்? 500 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். அந்தக் காற்றில் கொஞ்சம் எண்ணெயைப் பீய்ச்சினால் போதும். தீக்குச்சி வேண்டாம், மின்சாரப் பொறி வேண்டாம். எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். இன்றைய டீசல் லாரி வரையில் எல்லாமே இந்த ஒரே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

மானி வெடித்தது!

1893-ல் டீசலுக்கு அந்த என்ஜினுக்கான காப்புரிமை கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அதைச் செய்து பார்க்க முன்வந்தது. சுமார் 10 அடி உயரத்தில் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் எழுந்தது.

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. முதல் சோதனை. எண்ணெய் உள்ளே போயிற்று. அழுத்தம் 80 மடங்குக் காற்றழுத்தத்துக்கு எகிறியது. அழுத்தத்தைக் காட்டும் மானி வெடித்துச் சிதறியது! துண்டுகள் பறந்தன. நல்லவேளை, அருகில் நின்றவர்கள் தப்பினார்கள்.

வேறு யாராவது இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டீசல் மகிழ்ந்தார். மானி உடைந்ததே, எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது என்பதற்குச் சாட்சி அல்லவா?

அன்று வெடித்த அந்த மானியின் பேரப்பிள்ளைகள்தான், இன்று லாரி டிரைவரின் முகத்துக்கு நேரே எரியும் விளக்குகள். என்ஜினுக்குள் நடப்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. உள்ளே அவ்வளவு அழுத்தம், அவ்வளவு சூடு. வெளியே தெரியும் அடையாளத்தை வைத்துத்தான் உள்ளே நடப்பதை அறிய வேண்டும்.

மாதனூர் தாண்டி எரிந்த கெண்டி விளக்கையே எடுத்துக்கொள்வோம். அது என்ஜின் ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்லுகிறது. என்ஜினுக்குள் கிராங்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் நேரடியாக உரசுவது இல்லை. நடுவில் தலைமயிரை விட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. ஒரு பம்பு ஆயிலை அழுத்தித் தள்ளி அந்தப் படலத்தைக் காப்பாற்றுகிறது. அழுத்தம் போனால் படலம் அறும். இரும்பும் இரும்பும் உரசும். சில நிமிடங்களில் என்ஜின் இறுகிவிடும். பிறகு சங்கிலி கட்டித்தான் இழுக்க வேண்டும். செலவு லட்சக்கணக்கில். ஆயில் குறைந்ததா, பில்ட்டர் அடைத்ததா, ஒயர் தகராறா என்பதெல்லாம் பிறகு. முதலில் என்ஜினை நிறுத்த வேண்டும். சுங்கச்சாவடி வரை என்ற பேச்சே கூடாது.

தண்ணீரில் நிற்கும் காய்ச்சல் குழாய் போன்ற இன்னொரு சிவப்புப் படம் உண்டு. அது என்ஜின் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்பதற்கு அடையாளம். வண்டியை நிறுத்தி ஆற விட வேண்டும். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கொதிநீர் முகத்தில் அடித்து வெந்து போனவர்கள் உண்டு.

ஏர் விளக்கு இதைவிட முக்கியம். பெரிய லாரிகளின் பிரேக், காற்றின் பலத்தில் வேலை செய்கிறது. காற்று இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும், மணியும் கத்தும். காலையில் வண்டியை எடுக்கும்போது அந்த விளக்கு அணையும் வரை நகரவே கூடாது. ஓடும்போது எரிந்தால், பத்திரமான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். காற்று மிகவும் குறைந்தால் பல லாரிகளில் பின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நடுரோட்டில் அப்படிப் பிடித்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன?

பாட்டரி படம், சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லுகிறது. பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அடுத்தபடி சூடு விளக்கு எரியும் என்று எதிர்பார்க்கலாம்.

மஞ்சள் விளக்குகள் வேறு ரகம். நின்ற இடத்தில் நிற்கச் சொல்வது இல்லை. சீக்கிரம் பார் என்று சொல்கின்றன. டீசலில் தண்ணீர் கலந்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பில்ட்டரின் அடியில் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதிப்படி வந்த லாரிகளில், புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலுக்கென்று பெரும்பாலும் தனித் தொட்டி இருக்கிறது. அது தீரும்போதும் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டரே என்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். ஏற்றத்தில் வண்டி முனகும்.

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால், அதுதான் பெரிய ஆபத்து. கண்ணை உறுத்துகிறது என்று பல்பைக் கழற்றிவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்! அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

வேர்க்கடலை எண்ணெய்

டீசலின் கதைக்கு வருவோம். 1894 பிப்ரவரி 17-ந் தேதி அவருடைய என்ஜின் முதன் முதலாகச் சொந்த பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது. அதுவரை தொழிற்சாலையின் பெல்ட்தான் அதைச் சுற்றி வந்தது. இப்போது என்ஜினே பெல்ட்டை இழுத்தது. இதை முதலில் கவனித்தவர் ஒரு தொழிலாளி. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தார்.

1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து அளந்து பார்த்தார. சுமார் 18 குதிரைச் சக்தி. எரித்த எண்ணெயில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாறியது. நீராவி என்ஜின் கிட்டேகூட வர முடியவில்லை!

பணம் கொட்டியது. அமெரிக்க உரிமையை மட்டும் ஒரு செல்வந்தர் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். டீசல் மூனிச்சில் மாளிகை கட்டினார்.

1900-ம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு சிறிய டீசல் என்ஜின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது! பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. அவ்வளவு சுகமாக ஓடியது. செடியில் இருந்து வரும் எண்ணெய் ஒரு காலத்தில் பெரிய எரிபொருள் ஆகலாம் என்று டீசல் பின்னால் எடுத்துச் சொன்னார். மல்லாட்டை போட்ட நம் வட ஆர்க்காட்டு விவசாயிக்கு அன்றே இது தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

தொப்பியும் கோட்டும்

பணம் வந்ததே தவிர நிம்மதி வரவில்லை. காப்புரிமை வழக்குகள். வாங்கிய என்ஜின் ஓடவில்லை என்ற புகார்கள். ஓயாத தலைவலி. 1898-ல் டீசல் நரம்புத் தளர்ச்சியால் மருத்துவ விடுதியில் படுத்துவிட்டார். வெளியே வந்தும் ஓய்வு எடுக்கவில்லை. பழைய வேகத்திலேயே ஓடினார். நிலம் வாங்கிய வகையில் பெரும் நஷ்டம். கடன் கழுத்தை நெரித்தது. வெளியே மாளிகை, உள்ளே காலிப் பெட்டி. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். நண்பர்களோடு சாப்பிட்டார். சுமார் 10 மணிக்கு அறைக்குப் போனார். காலை 6.15 மணிக்கு எழுப்பச் சொன்னார்.

காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கையில் யாரும் படுக்கவில்லை. கைக்கடிகாரம் அல்ல, சட்டைப்பைக் கடிகாரம், பார்வையில் படும்படி வைத்திருந்தது. கப்பலின் பின்தளத்தில் கம்பி அருகே அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் கிடந்தன.

பத்து நாள் கழித்து, டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு பிணத்தைக் கண்டது. மிகவும் அழுகி இருந்தது. பையில் இருந்த மாத்திரை டப்பா, பேனாக்கத்தி, மூக்குக் கண்ணாடிக் கூடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை அப்பாவின் சாமான்கள்தான் என்று மகன் யூஜின் அடையாளம் சொன்னார். டீசலுக்கு அப்போது வயது 55. தற்கொலையா, விபத்தா, கொலையா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் தொல்லையால் கடலில் குதித்தார் என்பதே பலருடைய முடிவு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டீசல் லாரிகள் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவர் காலத்து என்ஜின் மிகப் பெரியது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும்தான் ஏற்றது. 1924 வாக்கில்தான் ஜெர்மனியில் டீசல் லாரிகள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா - மெர்சிடிஸ் லாரியும், அதை அடுத்து நம் எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரியும் உருவாயின.

மாதனூரில் நிறுத்திய நம் லாரி என்ன ஆயிற்று?

டிரைவர் டார்ச் அடித்துக் கீழே பார்க்கிறார். ஆயில் பில்ட்டரில் கசிவு. ரோடெல்லாம் ஆயில் கோடு. போன் செய்து ஆம்பூரில் இருந்து மெக்கானிக்கை வரவழைக்கிறார்கள். புது பில்ட்டர், புது ஆயில். வேலை முடிய 3 மணி ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் கெண்டி விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடியதும் அணைகிறது. முதலாளி போனில் சத்தம் போடுகிறார். டிரைவர் கேட்டுக்கொள்கிறார்.

லாரி ராணிப்பேட்டையைத் தாண்டும்போது பொழுது விடிகிறது.