வீரமும் ஈரமும் - வீரராசேந்திர சோழன் வரலாறு

முன்னுரை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். பொங்கலையொட்டி நடைபெறும் பார்வேட்டைத் திருவிழாவில் காஞ்சி வரதர் இங்கு எழுந்தருளுவார். அன்று அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் கூடும் மக்கள் பெருமாளைச் சேவித்து மீள்வர். மதிற்சுவரில் நீண்டு கிடக்கும் எழுத்துகளை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டை உலகம் அறியும். அதே வட்டத்தில் உள்ள திருமுக்கூடற் கல்வெட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதனைப் பொறிக்கச் செய்த மன்னனின் வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிசூடுதல்

கங்கையும் கடாரமும் கொண்ட முதலாம் இராசேந்திரனின் மைந்தருள் ஒருவன் வீரராசேந்திரன். இவன் பிறந்த குடிக்கும் மேலைச் சாளுக்கியருக்கும் தீராப் பகை. தமையன் இராசாதிராசன் 1054-இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தவாறே உயிர் துறந்தான். மற்றொரு தமையனான இரண்டாம் இராசேந்திரன் சிதறிய படையைத் திரட்டி வென்று, அக்களத்திலேயே முடிசூடிக்கொண்டான். 1063-இல் வீரராசேந்திரன் அரசனான். முடியோடு பகையும் அவனுக்கு உரிமையாயிற்று.

கூடல் சங்கமம்

சாளுக்கிய வேந்தன் ஆகவமல்லனின் மக்கள் விக்கிரமாதித்தனும் சயசிங்கனும் பெரும்படையுடன் வந்தபோது, ஆறுகள் கூடும் கூடல் சங்கமத்தில் வீரராசேந்திரன் அவர்களை முறியடித்தான். அவ்விடம் கிருட்டிணையும் துங்கபத்திரையும் கலக்குமிடம் என்பர். பின்னர் வேங்கிநாட்டை மீட்கப் புறப்பட்டு விசயவாடையில் வென்றான். அவன் யானைகள் கோதாவரி நீரைப் பருகின. ஆகவமல்லனை ஐம்முறை புறங்கண்டவன் என்று கல்வெட்டுகள் அவனைப் புகழ்கின்றன.

வெற்றியின் விலை

பழைய உரோமாபுரியில், பகைவரை வென்று மீளும் தளபதிக்கு வெற்றியுலா என்னும் பெருஞ்சிறப்பு உண்டு. செனட் சபை இசைந்தால்தான் அது கிட்டும். ஒரே போரில் ஐயாயிரம் பகைவரேனும் மடிந்திருக்க வேண்டும் என்றொரு விதியையும் அந்நாட்டு நூலோர் குறித்துள்ளனர். சிறைப்பட்டோர் முன்னே நடக்க, நாற்குதிரைத் தேரில் தளபதி சூபிடர் கோயிலை நோக்கிச் செல்வான். பேரரசர் காலம் வந்ததும் அச்சிறப்பு அரச குடும்பத்துக்கே உரியதாகி, மற்றத் தளபதிகளுக்கு விருதுச் சின்னங்களே எஞ்சின.

சோழ நாட்டில் அவ்வுலா கல்லின்மேல் நடந்தது. மெய்க்கீர்த்தி என்பது அதன் பெயர். தோற்ற தண்டநாயகர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. அரசன் தன் சுற்றத்தார்க்கு அளித்த பட்டங்களும் வருகின்றன. ஆளவந்தானுக்கு இராசராசன் என்ற பட்டமும், கங்கைகொண்ட சோழனுக்குப் பாண்டி மண்டலத்துடன் சோழபாண்டியன் என்ற பட்டமும், முடிகொண்ட சோழனுக்குச் சுந்தர சோழன் என்ற பட்டமும், மதுராந்தகனுக்குத் தொண்டை மண்டலத்துடன் சோழேந்திரன் என்ற பட்டமும் கிடைத்தன.

ஆயினும் கல் வேறொன்றையும் மறைக்காமல் சொல்கிறது. சாமுண்டராயன் என்னும் தண்டநாயகனின் தலையைக் கொய்ததோடு நில்லாமல், அவன் ஒரே மகள் நாகலையின் மூக்கையும் அரிந்தனராம். இதையும் பெருமையாகவே பொறித்திருக்கிறார்கள். வீரத்தை வியக்கும் நாம் இந்த இடத்தில் தலைகுனியத்தான் வேண்டும்.

வாராத பகைவன்

கூடலிலேயே மீண்டும் பொருவோம் என ஆகவமல்லன் ஓலை விடுத்தான். மகிழ்ந்து புறப்பட்ட சோழன் கரந்தை என்னுமிடத்தில் ஒரு திங்கள் காத்திருந்தான். பகைவன் வரவில்லை. சோழன் இரட்டபாடியை எரியூட்டித் துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டினான். ஆகவமல்லனைப்போல் உருவம் செய்து இழிவுபடுத்தினான். அவன் அஞ்சி ஒளிந்தான் என்கிறது மணிமங்கலத்துக் கல்வெட்டு.

பில்கணன் என்னும் வடமொழிப் புலவன் கூறுவதோ வேறு. ஆகவமல்லன் தீராத காய்ச்சலால் வாடி, 1068-இல் துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டான். அவன் வாராமைக்கு அச்சம் காரணமா, நோய் காரணமா? வென்றவன் கல்லை மட்டும் படித்தால் இந்த வினாவே நமக்குத் தோன்றாது.

திருமுக்கூடல் ஆதுலர்சாலை

இனி நம் ஊர்க் கல்லுக்கு வருவோம். இது அவனது ஐந்தாம் ஆட்சியாண்டில், 1067-68-இல், பொறிக்கப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் இருந்தவாறு மன்னன் இட்ட ஆணை இது. வயலைக்காவூரின் வருவாய் இக்கோயிலின் அறங்களுக்கு உரியதாயிற்று. சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்பித்தனர். 60 பேருக்கு உண்டியும் உறையுளும் அளித்தனர். சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் கொடுத்தனர். இன்றைய விடுதி மாணவர்களாகிய நாம் இதைப் பொறாமையின்றிப் படிக்க இயலுமா?

அங்கேயே வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை இருந்தது. அதில் 15 படுக்கைகள். ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் மருத்துவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். அறுவை செய்வோர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். நோயாளி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இரவில் எரிய விளக்கு. கடுக்காய் சேர்ந்த மருந்துகளே நான்கு வகை. தைலங்கள், நெய் மருந்துகள் உட்பட ஏறத்தாழ 20 வகை மருந்துகளை ஆண்டு முழுமைக்கும் சேமித்து வைத்தனர். மாணவரும் கோயிற் பணியாளருமே இங்கு மருத்துவம் பெற்றனர் என்றாலும், ஒரு சிற்றூரில் இத்தகைய ஏற்பாடு வியப்புக்குரியதே.

பகைவன் நோயில் வாடிய அதே காலத்தில் அவனை ஏளனம் செய்த கை, நம் ஊரில் நோயாளிக்கு விளக்கேற்றி வைத்தது. இவ்விரண்டும் ஒரே மனிதனின் செயல்கள்.

இறுதிக்காலம்

1068-இல் கடாரத்தை வென்று, அடிபணிந்த அதன் அரசனுக்கே திருப்பியளித்தான். பழம்பகைவன் விக்கிரமாதித்தனுக்குத் தன் மகளை மணம் செய்து கொடுத்தான். புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல் இவன் பெயரால் விளங்குகிறது. 1070-இல் இவன் மறைந்தான். மகன் அதிராசேந்திரனும் விரைவில் இறக்க, அரியணை முதலாம் குலோத்துங்கனிடம் சென்றது.

முடிவுரை

போர்க்களத்தில் வென்ற நிலம் ஒரு தலைமுறைகூட அவன் வழியில் நிற்கவில்லை. துங்கபத்திரைத் தூண் நமக்கு வெறும் செய்தி. பதினைந்து படுக்கைகளின் கணக்கோ இன்றும் கல்லில் இருக்கிறது. நண்பர்களே, அடுத்த பார்வேட்டைக்குத் திருமுக்கூடல் செல்லும்போது அம்மதிலருகே சற்றே நில்லுங்கள். மெய்க்கீர்த்தியோடு நிறுத்திவிடாமல், மருந்துப் பெயர்கள் உள்ள வரிகள்வரை படியுங்கள். அவன் ஈட்டிய உண்மையான வெற்றி அங்கேதான் உள்ளது.