வீட்டிலேயே ஒதுக்கினாங்க... 49 வயசுல பேரரசர்! புதுக்கோட்டை தங்கக் காசில் இருக்கும் கிளாடியஸ் கதை

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் இருக்கிறவரா நீங்க? அப்போ இந்த ரோமானியப் பேரரசர் உங்களுக்கு ரொம்ப தூரத்து ஆள் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு புதையல் கிடைச்சது. மொத்தம் 501 ரோமானியத் தங்கக் காசுகள், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை. அதில் இருக்கும் முகங்களில் ஒண்ணு கிளாடியஸ்.

கி.மு. 10-ல் அரச குடும்பத்தில்தான் பிறந்தார். ஆனா நடக்கும்போது கால் இழுக்கும், பேச்சு திக்கும். பெத்த அம்மாவே அவரைக் கேவலமா பேசினாங்க. குடும்ப மானம் போயிடும்னு சபையில் முன்னால் உட்காரவே விடலை.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? புத்தகத்துக்குள்ள போயிட்டார். ரோமுக்கு முன்னாடி இத்தாலியில் செழிச்சு வாழ்ந்த எட்ருஸ்கர்கள் மேல் அவருக்குத் தனி ஈர்ப்பு. முதல் மனைவியும் அந்த வம்சாவளிதான். நம்ம கோபுரத்தில் சுதைச் சிற்பம் நிற்கிற மாதிரி, எட்ருஸ்கர்கள் சுட்ட மண்ணில் ஆளுயரச் சிலை செஞ்சு கோயில் கூரை மேலேயே நிறுத்தினாங்க. கி.மு. 510 வாக்கில் செஞ்ச 'வேயி அப்பல்லோ' இன்னிக்கும் ரோம் மியூசியத்தில் இருக்கு. அந்த மக்களைப் பத்தி கிளாடியஸ் 20 தொகுதிகள் எழுதினார்.

கி.பி. 41-ல் பேரரசர் கலிகுலாவைக் கொன்னுட்டாங்க. பயந்துபோய் திரைக்குப் பின்னால் ஒளிஞ்சிருந்த கிளாடியஸை மெய்க்காவல் வீரர்கள் கண்டுபிடிச்சு பேரரசர் ஆக்கிட்டாங்க. அப்போ அவருக்கு வயசு 49. அந்த நன்றியை அவர் மறக்கலை. வீரரோடு கை குலுக்கும் காட்சியையே காசில் பொறிச்சார். 43-ல் பிரிட்டனைப் பிடிச்சார், ரோமுக்குத் தானியம் வந்து இறங்க புதுத் துறைமுகம் கட்டினார்.

அவர் காலத்தில் இலங்கையில் இருந்து நாலு தூதர்கள் ரோமுக்குப் போனதா பிளினி எழுதியிருக்கார். காரணம் சுவாரஸ்யமானது. காற்றில் அடிச்சு வந்த ஒரு ரோமானியர்கிட்ட இருந்த காசுகளை இலங்கை மன்னர் பார்த்தார். ஒவ்வொண்ணுலயும் வேற வேற முகம், ஆனா எடை மட்டும் ஒண்ணு. அந்த நேர்மை அவருக்குப் பிடிச்சுப்போச்சு.

நம்ம உறையூர்ப் பக்கத்து மெல்லிய துணி, முத்து, மிளகு வாங்கத்தான் இந்தத் தங்கம் தமிழகம் வந்தது. புதுக்கோட்டைக் காசுகள் பெரும்பாலும் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருக்கு. இனி இது நாணயம் இல்லை, வெறும் தங்கம்னு காட்டத்தான் வெட்டினாங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

கி.பி. 54-ல் கிளாடியஸ் இறந்தார். காளானில் விஷம் வெச்சது மனைவி அக்ரிப்பினாதான்னு அப்பவே பேச்சு. அவர் ஆசையா எழுதின 20 தொகுதிகளும் அழிஞ்சுபோச்சு. எட்ருஸ்க மொழியை இன்னிக்கு யாராலும் முழுசா புரிஞ்சுக்க முடியலை. அந்தப் புத்தகம் மட்டும் இருந்திருந்தா கதையே வேற!

அடுத்த முறை புதுக்கோட்டை பஸ் ஏறும்போது, வீட்டில் ஒளிச்சு வெச்ச அந்த மனுஷனோட முகம் இந்த மண்ணுக்குள்ள இருந்து வெளியே வந்ததைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.