‘தூக்கி ஏத்திவிடாதீங்க!’ வீட்டுக்குள் வந்த மர ஏணி... யார் இந்த டாக்டர் எம்மி பிக்லர்?

இரண்டு சின்ன மர ஏணிகளை மேல்முனையில் இணைத்து, கூடாரம் மாதிரி நிறுத்தினால் ஒரு முக்கோணம் கிடைக்கும். தவழும் குழந்தை முதல் 3, 4 வயது வாண்டுகள் வரை ஏறி இறங்கும் இந்த மரச்சட்டத்துக்கு ‘பிக்லர் முக்கோணம்’ என்று பெயர். ஆன்லைனிலும் விற்கிறார்கள். தச்சரிடம் சொல்லி வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும்.

சரி, யார் அந்த பிக்லர்? குழந்தை தானா ஏறணும்னு அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்தார்?

வியன்னாவில் மருத்துவப் படிப்பு

எம்மி பிக்லர் 1902-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். அம்மா மழலையர் பள்ளி ஆசிரியை. எம்மி சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 12 வயதில் அம்மாவை இழந்தார்.

டாக்டர் ஆக வேண்டும் என்ற கனவோடு மறுபடியும் வியன்னா போனவர், 1927-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி. அதன் தலைவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிற ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் இவர்தான்.

யாருக்கு அதிகம் அடிபட்டது?

கீழே விழுந்து, எலும்பு முறிந்து வரும் குழந்தைகளைப் பற்றிய ஒரு விவரம் பிக்லரை யோசிக்க வைத்தது. தெருவில் ஓடி, மரம் ஏறி விளையாடும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைவிட, பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அதிகமாக அடிபட்டது.

காரணம் எளிமையானது. தானாக ஏறிப் பழகிய குழந்தைக்குத் தன் கை, கால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியும். எப்படி விழுந்தால் அடி குறையும் என்பதும் பழகிவிடும். எப்போதும் யாராவது பிடித்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு இந்த இரண்டுமே தெரியாது.

முதல் சோதனை சொந்த மகளிடம்

1931-ல் பிக்லருக்கு மகள் பிறந்தாள். அவளைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. கையைப் பிடித்து நடத்திப் பார்க்கவும் இல்லை. புரள்வது, தவழ்வது, எழுவது என எல்லாமே அவள் வேகத்தில்தான் நடந்தது. குழந்தை எந்த அவசரமும் இல்லாமல், நல்லபடியாக வளர்ந்தாள்.

அடுத்த ஆண்டே குடும்பம் புடாபெஸ்ட் திரும்பியது. அங்கே பிக்லர் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் குழந்தைகளைக் கவனித்தார். 1940-ல் பெற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார்.

சிறையில் கணவர், வெளியே போர்

அந்தக் காலம் அவருக்குக் கொடுமையானது. அரசியல் காரணங்களுக்காக அவர் கணவர் 1936 முதல் 1945 வரை சிறையில் இருந்தார். யூதக் குடும்பம் என்பதால் நாஜிக்களின் வேட்டை வேறு. பிக்லர் வைத்தியம் பார்த்த குழந்தைகளின் பெற்றோர்தான் அந்தக் குடும்பம் உயிர் பிழைக்க உதவினார்கள்.

லோட்சி காப்பகம்

1946-ல் புடாபெஸ்டின் லோட்சி தெருவில், பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கான காப்பகத்தை பிக்லர் தொடங்கினார். அன்றைய காப்பகங்களில் சோறும் சுத்தமும் இருந்தும் குழந்தைகள் சோர்ந்து, பேச்சும் வளர்ச்சியும் குன்றிப்போவது வழக்கம். அதை மாற்ற முடியுமா என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி.

குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் அவசரம் கூடாது. தூக்கும் முன் குழந்தையிடம் சொல்லிவிட்டே தூக்க வேண்டும். மற்ற நேரத்தில் குழந்தை தன் விருப்பப்படி விளையாடட்டும். இவைதான் அங்கே விதி. அந்த விளையாட்டுக்காகத் தாழ்வான படிகள், சரிவுப் பலகைகள், ஏறும் சட்டங்கள் என மரத்தாலான சாமான்கள் இருந்தன. இன்று பல வீடுகளில் நிற்கும் முக்கோணம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வீட்டில் செய்வதாக இருந்தால்...

* குழந்தை விரல்களால் முழுசா சுற்றிப் பிடிக்கிற அளவுக்குத்தான் கம்பு தடிமன் இருக்கணும்.

* கம்புகளுக்கு நடுவே இடைவெளி 9 செ.மீ.-க்குள் இருக்கணும். அதைவிடக் கொஞ்சம் பெரிசானா, உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

* சிலும்பு இல்லாமல் இழைத்து, முனைகளை உருட்டிவிடணும். ஆணியோ ஸ்குருவோ வெளியே நீட்டக் கூடாது.

* பெரியவர் அழுத்தி ஆட்டினாலும் கால் விரிந்து சரியக் கூடாது. கீழே பாய் அல்லது மெத்தை விரிக்கணும். ஜன்னல், கட்டில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

முக்கியமான விஷயம், குழந்தையைத் தூக்கி மேலே உட்கார வைக்காதீங்க. தானா ஏறாத உயரத்திலிருந்து தானா இறங்க அதுக்குத் தெரியாது. முதல் வாரம் முழுக்க ஒரு கம்பைப் பிடித்து நின்றாலே போதும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கண் வைத்திருக்கணும், அவ்வளவுதான்.

அவருக்குப் பிறகு

பல ஆண்டுகள் லோட்சியை வழிநடத்திய பிக்லர், 1984-ல் காலமானார். அவரிடம் பாடம் கற்ற மக்டா கெர்பர் அமெரிக்காவில் இந்த முறையைப் பரப்பினார். காப்பகம் 2011-ல் மூடப்பட்டாலும், பிக்லர் பெயரில் புடாபெஸ்டில் குழந்தைகள் பகல்நேர மையம் தொடர்ந்தது.

தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்காக அவர் வகுத்த முறை இது. இன்று தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருக்கும் வீடுகளுக்கும் வந்துவிட்டது. மரச்சட்டத்தை ஒரே நாளில் செய்துவிடலாம். கை நீட்டித் தூக்காமல் காத்திருப்பதற்குத்தான் பெரியவர்களுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.