பாலிக்கு டிக்கெட் போட்டாச்சா? வாலஸைத் தெரிஞ்சுக்கிட்டு கிளம்புங்க!

உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல யாராவது ஒருத்தர் சமீபத்துல பாலி போயிட்டு வந்திருப்பாங்க. படிக்கட்டு நெல் வயல், ஊஞ்சல், கோயில் வாசல், கடலோர சூரிய அஸ்தமனம்னு ரீல்ஸ் முழுக்க அதுதான் ஓடும். பாலி போகிறவர்களில் பலர், அங்கிருந்து படகு பிடித்துப் பக்கத்துத் தீவான லொம்போக்குக்கும் ஒரு எட்டு போய் வருவார்கள். சில மணி நேரப் பயணம்தான்.

அந்தச் சில மணி நேரத்தில் நீங்கள் ஒரு கோட்டைத் தாண்டுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு. மேற்குப் பக்கம் இருப்பவை ஆசியாவின் உயிரினங்கள். கிழக்கே போகப் போக ஆஸ்திரேலியாவின் சாடை தெரிய ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் கல்லூரி வாசலை மிதிக்காதவர். வீட்டில் காசில்லாததால் 14 வயதிலேயே பள்ளிப்படிப்பை விட்டவர். பெயர், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

எல்லாம் எரிந்துபோன பிறகு...

1823-ல் வேல்ஸ் பகுதியின் அஸ்க் என்ற சிற்றூரில் பிறந்தார் வாலஸ். அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலை பார்த்தார். வயல் வயலாக நடந்ததில் செடிகள் மீது ஆர்வம் வந்தது. லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது பேட்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். அவர் தொற்றவைத்தது வண்டுப் பைத்தியம். இருவரும் 1848-ல் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பூச்சி, பறவைகளைப் பிடித்து லண்டனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு ஏஜென்ட் விற்றுக் காசு தருவார். ஏறக்குறைய இன்றைய ஃப்ரீலான்ஸர் வாழ்க்கை.

நான்கு வருடம் உழைத்தார். நடுவில், உதவிக்கு வந்த தம்பியை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். 1852-ல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்ததில் பெரும்பகுதி கண் முன்னால் எரிந்தது. மிஞ்சியவை ஒரு தகரப் பெட்டியும் சில வரைபடங்களும்தான். பத்து நாள் திறந்த படகில் மிதந்த பிறகுதான் இன்னொரு கப்பல் காப்பாற்றியது.

நாமாக இருந்தால் கடல் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டோம். வாலஸ் இரண்டே வருடத்தில் அடுத்த பயணத்துக்குத் தயார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். வயது 31.

புலிக்காடும் ஒரு குட்டியும்

இன்று நீங்கள் மெட்ரோவில் போய் இறங்கும் புக்கிட் தீமா அன்று புலிகள் உலவிய காடு. புலி பிடிக்க வெட்டிய குழிகள் அங்கங்கே இருக்கும். கால் தவறினால் மனிதனும் உள்ளே. அந்தக் காட்டில் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார் வாலஸ். மரம் வெட்டிய இடங்களில் வண்டுகள் குவியும் என்பதுதான் ரகசியம்.

அடுத்து போர்னியோ தீவின் சரவாக். டுரியான் பழத்தை முதலில் நாற்றம் தாங்காமல் ஒதுக்கியவர், இங்கேதான் அதன் ரசிகரானார். ஒராங்குட்டான்களைச் சுட்டதும் இங்கேதான். அன்றைய அருங்காட்சியகங்களுக்குத் தோலும் எலும்பும் தேவை. வாலஸுக்கு வருமானம் தேவை.

ஒருநாள் அவர் சுட்டுவீழ்த்திய தாயின் குட்டி சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது. தூக்கியதும் அவர் தாடியை இறுகப் பற்றிக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தார். பால் கிடைக்காத இடம் என்பதால் அரிசிக் கஞ்சி ஊட்டினார், குளிப்பாட்டினார். கட்டிப்பிடித்துக்கொள்ள எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய் செய்து கொடுத்தார். அதில் பால் தேடி, குட்டியின் வாயெல்லாம் முடியானது. பொம்மையைப் பிரித்துப்போட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய மூன்று மாதம் வாழ்ந்து குட்டி இறந்தது. வாலஸ் வருந்தினார். பிறகு, அதன் தோலையும் எலும்பையும்கூடப் பதப்படுத்தி எடுத்துவைத்தார்.

படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது, இல்லையா? இந்த முரண் அவரை எட்டு வருடமும் விடவில்லை.

கப்பல் கிடைக்காததால் கிடைத்த கோடு

1856-ல் அவர் போக நினைத்தது சுலாவேசி தீவின் மக்காசருக்கு. சிங்கப்பூரிலிருந்து நேரடிக் கப்பல் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பாலி, லொம்போக் என்று சுற்றிப் போனார். பாலியில் இருந்தது இரண்டே நாள். மரங்கொத்தி, குக்குறுவான், தூக்கணாங்குருவி என ஆசியப் பறவைகள் கண்ணில் பட்டன. கடலைத் தாண்டி லொம்போக்கில் இறங்கினால், வெள்ளைக் காக்கட்டூ! மண்ணைக் குவித்து மேடு கட்டி, அதற்குள் முட்டையிடும் மெகபோட் பறவை. ரெண்டுமே ஆஸ்திரேலியப் பக்கத்துச் சொந்தங்கள். பாலியில் பார்த்த பல பறவைகள் இங்கே இல்லவே இல்லை. நடுவில் இருப்பது 40 கிலோமீட்டர்கூட அகலமில்லாத கடல்தான்.

காரணம் கடலின் ஆழத்தில் இருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய ஒரே நிலம். புலியும் யானையும் நடந்தே வந்தன. ஆனால், பாலிக்கும் லொம்போக்குக்கும் இடைப்பட்ட கடல் ரொம்ப ஆழம். அப்போதும் வற்றவில்லை. அதனால் அந்தப் பக்கம் வேறு உலகமாகவே இருந்துவிட்டது. வடக்கே போர்னியோவுக்கும் சுலாவேசிக்கும் நடுவிலும் நீளும் இந்த எல்லைக்குத்தான் இன்று 'வாலஸ் கோடு' என்று பெயர்.

சொர்க்கப் பறவையைப் பார்த்த நாள்

1856 டிசம்பரில் புகிஸ் வணிகர்களின் பாய்மரப் படகில் ஏறினார். போனது கிழக்கே வெகுதூரத்தில் இருந்த ஆரு தீவுகளுக்கு. அங்கே ஊர்க்காரர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, உங்க ஊர் பேரென்ன என்று துளைத்தார்கள். இங்கிலாந்து என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவே இல்லை. இப்படியெல்லாம் ஒரு ஊர்ப் பெயர் இருக்குமா, நம்மை ஏமாற்றுகிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகும் செத்த பறவைகளை அவர் ஊரில் உயிர்ப்பித்துவிடுவார் என்றும் நம்பினார்கள்.

இங்கேதான் அவருடைய உதவியாளர் பதேரூன் ஒரு குட்டிப் பறவையைக் கொண்டுவந்தார். பளபளக்கும் சிவப்பு உடல். வால் நுனியில் சுருண்ட இரண்டு பச்சை வட்டங்கள். ராஜ சொர்க்கப் பறவை. ஆனந்தத்தில் திளைத்த வாலஸுக்கு, கூடவே ஒரு துக்கமும் வந்தது. யாரும் பார்க்காமலேயே இத்தனை காலம் இந்த அழகு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. நாகரிக மனிதர்கள் இந்தக் காட்டுக்குள் வந்துவிட்டால், ரசிக்கத் தெரிந்த அவர்களாலேயே இது அழிந்துபோகும். உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்ற எண்ணத்துக்கும் வந்து சேர்ந்தார்.

அவர் பயந்தது நடந்தது. பின்னாளில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளை அலங்கரிக்கவே சொர்க்கப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன.

காய்ச்சலில் பிறந்த கடிதம்

1858 பிப்ரவரி. கிராம்பு வணிகத்துக்குப் பேர்போன தெர்னாத்தே பகுதியில் மலேரியா குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. இப்படித்தான் புதிய இனங்கள் உருவாகின்றன என்ற யோசனை அந்தக் காய்ச்சலில்தான் மின்னலடித்தது. உடம்பு தேறியதும் எழுதி சார்லஸ் டார்வினுக்குத் தபாலில் அனுப்பினார்.

கடிதம் கிடைத்ததும் டார்வின் ஆடிப்போனார். இருபது வருடமாக அவர் வெளியிடாமல் வைத்திருந்த அதே கருத்து! 1858 ஜூலை 1-ம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்கும் தூரத்திலும் அவர் இல்லை. விஷயம் தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை, பெருமையாகவே நினைத்தார். 1869-ல் வந்த தன் 'மலாய் தீவுக்கூட்டம்' புத்தகத்தை டார்வினுக்கே சமர்ப்பித்தார்.

அலி இல்லாமல் வாலஸ் இல்லை

எட்டு வருடம், 22,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம், 1,25,660 உயிரின மாதிரிகள். இதை ஒற்றை ஆள் செய்ய முடியுமா? முடியாது. சரவாக்கில் சமையலுக்கும் மலாய் மொழி கற்றுக்கொள்வதற்கும் சேர்த்துக்கொண்ட பையன்தான் அலி. சுடவும் தோல் உரித்துப் பதப்படுத்தவும் சீக்கிரமே தேர்ந்தார். வாலஸ் பெயரைத் தாங்கிய சொர்க்கப் பறவை ஒன்று உண்டு. தோளில் நீண்ட வெள்ளை இறகுகள் கொடிபோல் நிற்கும். பச்சான் தீவில் அதை முதலில் சுட்டுக் கொண்டுவந்தவர் அலிதான். பறவைக்குக் கிடைத்ததோ முதலாளியின் பெயர்!

1862-ல் பிரியும்போது அலிக்குப் பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்தார் வாலஸ். 1907-ல் தெர்னாத்தேவுக்குப் போன தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானியை ஒரு முதியவர் வழிமறித்தார். தன் பெயர் அலி வாலஸ் என்றார். 45 வருடம் கழித்தும் அந்தப் பெயர் அவரோடு இருந்தது.

ஊர் திரும்பிய வாலஸுக்குப் பணம் தங்கவில்லை. நிலம் எல்லோருக்கும் பொது என்று வாதாடினார். ஆவிகளை நம்பினார், தடுப்பூசியை எதிர்த்தார். இந்த விஷயங்களில் அறிவியல் உலகம் அவரோடு நிற்கவில்லை. 1913 நவம்பரில் 90 வயதில் இறந்தார்.

நீங்க போகும்போது...

வாலஸ் வடக்கு மொலுக்கஸ் தீவுகளில் கண்டெடுத்த கட்டைவிரல் அளவுத் தேனீ ஒன்று, அழிந்துவிட்டதாகவே பல காலம் கருதப்பட்டது. 1981-ல் மறுபடி தென்பட்டது. 2019-ல் முதன்முறையாக உயிரோடு படம்பிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே அதன் பதப்படுத்திய உடல் ஆன்லைன் ஏலத்தில் விலைபோயிருந்தது. ஆரு காட்டில் வாலஸுக்கு வந்த கவலை இன்னும் காலாவதியாகவில்லை.

வாலஸ் கையில் துப்பாக்கியும் வலையும் இருந்தன. நம் கையில் இருப்பது கேமரா. அந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அதனால் பாலி - லொம்போக் படகில் கொஞ்ச நேரம் போனை இறக்கிவிட்டுக் கடலைப் பாருங்கள். லொம்போக்கில் இறங்கியதும் மரங்களையும் பாருங்கள். வாலஸ் பார்த்த காக்கட்டூக்கள் அங்கே இன்று அரிதாகிவிட்டன. கூண்டுப் பறவை வியாபாரம்தான் முக்கியக் காரணம். சந்தையில் கூண்டுப் பறவையோ, பாடம் செய்த வண்ணத்துப்பூச்சியோ விலைபேசினால் வாங்காதீங்க. வழிகாட்ட வரும் உள்ளூர்ப் பையன் பெயரைக் கேட்டு, போஸ்ட்டில் அவரையும் டேக் பண்ணுங்க. அலிக்கு நாம் அவ்வளவாவது கடன்பட்டிருக்கிறோம்!